பாலிசி வேறு, பங்கு வேறு

(பினாங்கு, ஜோர்ஜ் டவுனில் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கூலி, போனஸ், வீட்டு வசதி என்று பேசிப் பழகிய மேடையில் இன்று பங்கு வாங்குவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். கிராணிமாருக்கு வேறு வேலை இல்லையா என்று சிலர் நினைக்கலாம். வேலை இருக்கிறது, ஆனால் காலமும் மாறியிருக்கிறது. 2024 மே 11 முதல் ஊழியர் சேமநிதியில் மூன்றாவது கணக்கு ஒன்று ஏற்பட்டது. 55 வயதுக்குட்பட்டவர்களின் மாதச் சந்தாவில் நூற்றுக்குப் பத்து அதில் சேர்கிறது. அதை வேண்டும்போது எடுக்கலாம். நம் பிள்ளைகளும் தொழிற்சாலைகளில் சம்பளம் வாங்குகிறார்கள். கையில் நாலு காசு இருக்கும் இடத்தைத் தேடி யோசனை சொல்பவர்களும் வருவார்கள். "பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனி, நூறு வருஷக் கம்பெனி. உங்கள் பாலிசியே அங்கேதானே இருக்கிறது, பங்கும் வாங்கிப் போடுங்களேன்" என்பார்கள். அந்தப் பேச்சை நிறுத்துப் பார்க்கத்தான் இந்தக் கூட்டம்.

பங்கு என்ற சொல் நமக்குப் புதிதன்று. நம் பாட்டன்மார் பால் மரம் வெட்டிய நாளில் தோட்டச் சொந்தக்காரர்கள் பலர் லண்டனில் இருந்தார்கள். அவர்கள் ரப்பர் மரத்தைக் கண்டதில்லை. கையில் பங்குப் பத்திரம் இருந்தது. ரப்பர் விலை ஏறினால் அங்கே லாப ஈவு. இறங்கினால் இங்கே ஆள்குறைப்பு. 1930-களின் மந்தத்தில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். பங்கின் குணத்தை முதுகில் படித்தவர்கள் நாம். அதைக் கையில் வாங்குமுன் கொஞ்சம் தலையாலும் படிக்க வேண்டாமா?

முதற் பாடம் இதுதான்: பாலிசி வேறு, பங்கு வேறு. பாலிசி ஓர் ஒப்பந்தம். சொன்ன காரியம் நடந்தால் சொன்ன தொகையைக் கம்பெனி கொடுத்தே ஆகவேண்டும். கம்பெனி நொடித்துப் போனாலும், இந்நாட்டில் வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம் 2010-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து ஓர் எல்லைவரை பாலிசிதாரருக்குப் பாதுகாப்புத் தருகிறது. பங்குக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எல்லோருக்கும் கொடுத்த பின் மீதி இருந்தால் பங்குதாரருக்கு; இல்லையேல் இல்லை.

இருவர் நலனும் எப்போதும் ஒன்றாகவும் இராது. இந்தியாவின் எல்.ஐ.சி.யைப் பாருங்கள். 1956-இல் 245 கம்பெனிகளையும் சங்கங்களையும் நாட்டுடைமையாக்கிப் பிறந்த நிறுவனம் அது. உபரியில் நூற்றுக்கு 95 பாலிசிதாரருக்கு, 5 அரசாங்கத்துக்கு என்பது அதன் நெடுநாள் வழக்கம். பங்கு விற்க ஏற்பாடு ஆனபோது, லாபத்தில் சேரும் பாலிசிகளின் உபரியைப் படிப்படியாக 90-க்கு 10 என்று மாற்றினார்கள். பங்குதாரருக்கு ஏறிய ஐந்து, பாலிசிதாரரிடமிருந்து இறங்கிய ஐந்து.

2022 மே மாதம் அந்த எல்.ஐ.சி. பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. பங்கு ஒன்று 949 ரூபாய்; பாலிசிதாரருக்கு 60 ரூபாய் தள்ளுபடி. "நம் எல்.ஐ.சி." என்ற பாசத்தோடு லட்சக்கணக்கானோர் மனுப் போட்டார்கள். மே 17 அன்று மும்பைச் சந்தையில் அது 867 ரூபாய் 20 காசில் தொடங்கியது. தள்ளுபடி போக 889 கொடுத்தவருக்கும் முதல் நாளே நஷ்டம். 949-ஐ அது தாண்டுவதற்கு 2024-ஆம் ஆண்டின் தொடக்கம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எல்.ஐ.சி. முழுகிவிடவில்லை, பாலிசிப் பணம் எவருக்கும் நிற்கவில்லை. நல்ல கம்பெனி என்பது ஒன்று, நல்ல விலை என்பது இன்னொன்று.

இனி நம் வீட்டுப் பக்கம் வருவோம். கிரேட் ஈஸ்டர்ன் 1908-இல் சிங்கப்பூரில் தொடங்கிய கம்பெனி. நம்மவரில் அதன் பாலிசி வைத்திருப்போர் அநேகர். அதன் பங்கு சிங்கப்பூர்ச் சந்தையில் இருக்கிறது. ஆனால் 2004 முதல் பெரும் பகுதி ஓ.சி.பி.சி. பாங்கியின் கையில். 2024 மே மாதம் அந்தப் பாங்கி, தன்னிடம் இல்லாத 11.56 சதவிகிதத்தையும் பங்கு ஒன்றுக்கு 25.60 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்து வாங்க முன்வந்தது. அதற்கு முன் சந்தை விலை 19 வெள்ளிக்கும் கீழே. கேட்டவுடன் யாருக்கும் ஆசை வரும். ஆனால் சிறு பங்குதாரருக்கென்று நியமிக்கப்பட்ட தனி ஆலோசகர், இது நியாயமான விலை அன்று, ஆயினும் ஏற்கத்தக்கது என்று கருத்துச் சொன்னார்.

ஏன் இந்த இரட்டைப் பேச்சு? இன்று விற்ற ஆயுள் பாலிசியின் லாபம் இருபது முப்பது வருஷம் வந்துகொண்டிருக்கும். கன்று நட்டு ஆறேழு வருஷம் காத்துத்தானே பால் எடுக்கிறோம்? இளமரத் தோட்டத்தை இன்றைய பால் வரவை வைத்து யாராவது விலை பேசுவார்களா? கம்பெனியின் உள்மதிப்பு பெரிது. ஆனால் வாங்க வேறு ஆள் இல்லாத இடத்தில் வந்த விலையும் ஒரு விலைதான். ஆலோசகர் சொன்னதன் பொருள் இதுவே.

பலர் விற்றார்கள். பொதுமக்கள் கையிலுள்ள பங்கு பத்துச் சதவிகிதத்துக்கும் கீழே போயிற்று. விதிப்படி 2024 ஜூலையில் சந்தை வியாபாரம் நின்றது. மீதிப் பேர் விற்கவும் முடியாமல் ஓராண்டுக்கு மேல் இருந்தார்கள். 2025-இல் பாங்கி 30.15 வெள்ளி தருவதாகச் சொன்னது. கம்பெனியைச் சந்தையிலிருந்து நீக்கச் சம்மதிக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஜூலை 8 அன்று வாக்கெடுப்பு. பாங்கி வாக்களிக்கவில்லை. விழுந்த வாக்கில் நூற்றுக்கு 75 வேண்டும், 63.49 தான் கிடைத்தது. தீர்மானம் தோற்றது. 30.15-ம் அத்தோடு போயிற்று. பின்னர் இனாம் பங்கு வெளியிட்டு ஏற்பாடு செய்து, ஆகஸ்டில் வியாபாரம் மறுபடி தொடங்கியது.

இதில் இரண்டு உண்மைகள் தெரிகின்றன. ஒன்று: சிறியவர் தனியே நின்றால் சருகு, சேர்ந்து வாக்களித்தால் பெரிய பாங்கியும் நின்று கேட்கவேண்டும். சங்கம் வைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றொன்று இன்னும் முக்கியம்: காத்திருக்க முடிந்தவனே பேரம் பேச முடியும். பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம், வீட்டில் நோய் என்று வந்தவன் 25.60-ஐ வாங்கிக்கொள்வான், வியாபாரம் நின்ற நாளில் கஷ்டம் வந்தால் அதுவும் கிடையாது. அரிசிப் பானையில் இருக்கும் பணத்தால் பேரம் பேச முடியாது.

நம்மவர் இதை முன்பே அனுபவித்திருக்கிறார்கள். 1980-களில் மைக்கா ஹோல்டிங்ஸில் சுமார் 66,000 பேர் 10 கோடி வெள்ளிக்கு மேல் போட்டார்கள். தோட்டத்துக் குடும்பங்கள் பல நகையை அடகு வைத்துப் பணம் கட்டின. அதன் முக்கியச் சொத்து ஓரியண்டல் கேப்பிட்டல் அஷ்யூரன்ஸ் என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனி. சொத்து இருந்தது, ஆனால் மைக்கா பங்கு சந்தைக்கு வரவில்லை. அவசரத்துக்கு விற்க வழி இல்லை. 2010-இல்தான் பங்கு ஒன்றுக்கு 80 சென் கொடுத்து வாங்க ஆள் வந்தது. கால் நூற்றாண்டு காத்துப் பெற்றது அது.

ஆகவே பங்கே வாங்காதீர்கள் என்று சொல்கிறோமா? இல்லை. உழைப்பவன் சொத்தில் பங்கு கேட்பது நியாயமே. ஆனால் நாலு கேள்வி கேட்டுவிட்டு வாங்குங்கள். பெரும் பங்கு யார் கையில்? அவசரத்துக்கு நாளையே விற்க முடியுமா? கேட்கும் விலைக்கு ஆதாரம் என்ன, சொல்பவருக்குக் கமிஷன் எவ்வளவு? ஐந்து வருஷம் இந்தப் பணம் இல்லாமல் குடும்பம் நடக்குமா? சேமநிதியில் விட்டுவைத்தாலே 2024-ஆம் ஆண்டுக்கு 6.30 சதவிகிதம் கிடைத்தது. சாதாரணக் கணக்குக்குக் குறைந்தது 2.5 என்பது சட்டத்தின் உறுதி. அதை எடுத்து வேறிடத்தில் போடச் சொல்பவர் எதை உறுதியாகத் தருகிறார் என்று கேளுங்கள்.

முதலில் பாலிசி தவறாமல் நடக்கட்டும். அடுத்து, ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு சேரட்டும். அதற்கு மேல் மிஞ்சினால் பங்கைப் பற்றி யோசிப்போம். வாங்கியவர்கள் கூட்ட அழைப்பு வந்தால் குப்பையில் போடாதீர்கள், படியுங்கள், வாக்களியுங்கள். புரியாத காகிதம் எதுவானாலும், கையெழுத்துப் போட்ட பிறகல்ல, போடுமுன் கிளைக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.