பழைய கார் வாங்குமுன் ஆண்டுச் செலவைக் கணக்கிடுவோம்



முன்பு நம் லயங்களின் வாசலில் சைக்கிள்கள் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. பின்னர் மோட்டார் சைக்கிள்கள் வந்தன. இன்று பழைய கார்களும் நிற்கின்றன. நள்ளிரவில் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டிய நேரத்தில் காரின் அருமை நமக்குப் புரிகிறது. ஆயினும், விலையைப் பேசிக் குறைப்பதில் நாம் காட்டும் அக்கறையை, ஆண்டுதோறும் கட்ட வேண்டிய தொகையைக் கணக்கிடுவதில் காட்டுவதில்லை. மழையால் பால் வெட்டு நின்று வருமானம் குறைந்த மாதத்தில் அத்தொகை வந்து சேர்ந்தால், கார் வாசலிலேயே முடங்கிவிடும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், காரின் மதிப்பில் 0.65 விழுக்காடு ஆண்டுக் கட்டணத்தின் ஒரு பகுதியாக வசூலிக்கப்படுகிறது. கார் பழசாக ஆக அத்தொகையும் குறையும். நம் நாட்டில் அவ்வாறன்று. பெட்ரோல் காருக்குச் சாலை வரி, இயந்திரத்தின் கொள்ளளவை, அதாவது ‘சிசி’யைப் பொறுத்தது. இருபது ஆண்டு பழைய காராயினும் வரியில் ஒரு காசும் குறையாது.

தீபகற்ப மலேசியாவில் தனியார் சலூன் கார்களுக்கான கணக்கைப் பார்ப்போம். 1,000 சிசி வரை 20 வெள்ளி. 1,200 வரை 55. 1,400 வரை 70. 1,600 வரை 90 வெள்ளி. அதற்கு மேல்தான் ஏற்றம் செங்குத்தாகிறது. 1,600ஐத் தாண்டியவுடன் அடிப்படை வரியே 200 வெள்ளி. கூடுதலான ஒவ்வொரு சிசிக்கும் 40 காசு. 1,800ஐத் தாண்டினால் 280 வெள்ளியும் ஒவ்வொரு சிசிக்கும் 50 காசும். ஆகவே 1,998 சிசி காருக்கு 280உடன் 99 சேர்ந்து 379 வெள்ளியாகிறது. “பெரிய கார், மலிவான விலை” என்று தரகர் புகழும்போது, முதலில் ‘கிராண்டை’ வாங்கி சிசியைப் பார்க்க வேண்டும். அவர் ஏன் மலிவாகத் தருகிறார் என்பதும் ஓரளவு அதிலேயே விளங்கும்!

காரின் மதிப்பு கணக்கில் வருவது காப்புறுதியில்தான். காப்புறுதி இன்றிச் சாலை வரியைப் புதுப்பிக்க இயலாது. முன்பு எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே கட்டண விகிதம் இருந்தது. 2017 ஜூலை முதல் முழுக் காப்புறுதிக்கு ஒவ்வொரு நிறுவனமும் தன் கட்டணத்தைத் தானே கணிக்கிறது. எனவே இரண்டு மூன்று இடங்களில் விசாரிப்பது நலம். விபத்து இழப்பீடு கோராமல் ஐந்தாண்டுகள் ஓட்டியவருக்குக் கட்டணத்தில் 55 விழுக்காடு கழிவு உண்டு.

இங்கே நாம் செய்யும் பெருந்தவறு ஒன்று உண்டு. கட்டணம் குறையட்டும் என்று காரின் மதிப்பைக் குறைத்துக் காட்டுகிறோம். சந்தையில் 20,000 வெள்ளி பெறும் காரை 15,000க்கு மட்டும் காப்புறுதி செய்தோம் என்று வைத்துக்கொள்வோம். விபத்தில் 4,000 வெள்ளிக்குச் சேதம் நேர்ந்தால், நிறுவனம் நான்கில் மூன்று பங்காகிய 3,000ஐத்தான் தரும். மீதி 1,000 வெள்ளி நம் கையை விட்டுப் போகும். கட்டணத்தில் மிச்சம் பிடித்ததோ அதில் சிறு பகுதியே. கார் முழுதும் அழிந்தாலும் 15,000க்கு மேல் கிடைக்காது. மதிப்பை மிகுத்துக் காட்டுவதாலும் பயனில்லை. சந்தை விலைக்கு மேல் எவரும் கொடுப்பதில்லை.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்போருக்கும் ஒரு சொல். 150 சிசி வரையிலான வண்டிகளுக்கு இருந்த 2 வெள்ளி சாலை வரி, 2022 ஜனவரி முதல் குடிமக்களுக்கு விலக்கப்பட்டுள்ளது. வரிதான் இல்லையே என்று சிலர் புதுப்பிக்காமலே விட்டுவிடுகின்றனர். ஆண்டுதோறும் காப்புறுதி எடுப்பதும், சாலை உரிமத்தைப் புதுப்பிப்பதும் அவர்களுக்கும் கட்டாயமே.