பயிற்சி வாட்ச்மேனிடமிருந்து தொடங்கட்டும்



ஆவடிக்கோ பூந்தமல்லிக்கோ படிக்க வரும் வெளிநாட்டு மாணவர் துணைவேந்தரைப் பார்ப்பது அநேகமாகப் பட்டமளிப்பு விழாவில்தான். வந்து இறங்கிய அன்றே அவர் பார்ப்பது கேட்டில் நிற்கும் வாட்ச்மேனை. அடுத்து விடுதிக் காப்பாளரை, மெஸ்ஸில் பரிமாறுபவரை, ஃபீஸ் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் எழுத்தரை. இந்த ஊர் எப்படிப்பட்டது என்பதை அவர் தெரிந்துகொள்வது இந்த நால்வரிடமிருந்து. ஆனால் பிற பண்பாட்டினரோடு பேசிப் பழகுவதற்கான பயிற்சி என்று சுற்றறிக்கை வந்தால், அழைக்கப்படுபவர்கள் பெரும்பாலும் பேராசிரியர்களே. இக்கருத்தரங்கு முதலில் எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: பயிற்சி யாருக்கு?

சென்னையின் மேற்குப் புறநகரில் இந்தக் கேள்விக்கு அவசரம் உண்டு. ஆவடியில் வேல்டெக், செயின்ட் பீட்டர்ஸ் பல்கலைக்கழகங்கள். மதுரவாயலில் டாக்டர் எம்.ஜி.ஆர்.; போரூரில் 1994-லேயே நிகர்நிலைத் தகுதி பெற்ற ஸ்ரீ ராமச்சந்திரா; பூந்தமல்லியைத் தாண்டினால் தண்டலத்தில் சவீதா. மத்திய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் படித்த வெளிநாட்டு மாணவர்கள் 46,878 பேர். அவர்கள் வந்த நாடுகள் 170. நான்கில் ஒரு பங்குக்கு மேல் நேபாளத்தவர். 2018-ல் தொடங்கிய ‘ஸ்டடி இன் இந்தியா’ திட்டம் இந்த எண்ணிக்கையை உயர்த்தவே வந்தது. அயல்நாட்டு மாணவர்களுக்கென்று தனி அலுவலகம் வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவும் சொல்லிவிட்டது. அலுவலகத்துக்குப் பெயர்ப்பலகை மாட்டுவது சுலபம். கவுன்டரில் நடப்பதை மாற்றுவதுதான் வேலை.

அங்கே என்ன நடக்கிறது? 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வரும் மாணவர், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். அதற்குக் கல்வி நிறுவனத்தின் போனஃபைடு சான்றிதழ் தேவை. அதைக் கேட்டு வருகிறார். கையெழுத்துப் போடுபவர் அன்று லீவு. ‘நாளைக்கு வாங்க’ என்கிறார் எழுத்தர். உள்ளூர் மாணவருக்கு விஷயம் புரிந்துவிடும். இரண்டு மூன்று நாள் கழித்து வருவார், நடுவில் தெரிந்தவரிடம் போன் போட்டுக் கேட்டுக்கொள்வார். அடிஸ் அபாபாவிலிருந்து வந்தவரோ மறுநாள் காலை கவுன்டர் திறக்கும்போதே வந்து நிற்பார். மறுபடியும் அதே பதில். சரி, ஆகட்டும் என்ற நினைப்பில் எழுத்தர் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுகிறார்; மாணவர் கண்ணுக்கு அது முடியாது என்று படுகிறது. மூன்றாம் நாள் குரல் உயர்கிறது. ‘இவங்களே இப்படித்தான்’ என்ற முடிவுக்கு இரண்டு தரப்பும் வந்துவிடுகின்றன. பதினான்கில் மூன்று நாள் போயிற்று.

இதில் யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. ‘வியாழன், பிற்பகல் மூன்று மணி’ என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டு இருந்திருந்தால் போதும். மரியாதைப் பயிற்சியில் பாதி, அந்தச் சீட்டை எழுதிக் கொடுக்கும் பழக்கம்தான்.

பெயர் விஷயத்தில் தமிழ்நாட்டு எழுத்தர்கள் மற்றவர்களுக்கே பாடம் எடுக்கலாம். எத்தியோப்பியர் தன் பெயரை எழுதி அதன் பின்னால் தந்தை பெயரை எழுதுவார். குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தமிழர் பெரும்பாலோருக்கும் அப்படித்தான். இங்கே தந்தை பெயர் இனிஷியலாக முன்னால் நிற்கிறது. பூட்டானியர் பலருக்கு இரண்டு பெயருமே சொந்தப் பெயர். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருவோரை ஏற்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது உண்டான கலக்கம் இங்கே பல வீடுகளுக்குத் தெரியும். அந்த வீடுகளிலிருந்து வேலைக்கு வரும் ஒருவர், ‘சர்நேம்’ கட்டம் காலி என்று சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பித் தரலாமா?

அயலாரோடு பழகும் பாடத்தைத் தொழிற்சாலைகள் எப்போதோ படித்துவிட்டன. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் வெளிவந்த விஜயந்தா டாங்கி பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைத்தது. பிறகு டி-72, டி-90 என்று ரஷ்ய வடிவங்கள் வந்தன. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தி தொடங்கிய பின் கொரியர்களோடு வேலை பார்ப்பது இந்தப் பக்கத்து இளைஞர்களுக்கு அன்றாடமாயிற்று. சென்னையில் கொரிய மொழி கற்க இன்கோ மையம் இருக்கிறது. ஜப்பானிய மொழிக்கு ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் இருக்கிறது. தொழிற்சாலையில் ஒரு சொல் தவறாகப் போய்ச் சேர்ந்தால் லைன் நிற்கும்; நஷ்டம் அன்று மாலையே தெரியும். பல்கலைக்கழகத்தில் நஷ்டம் மாணவர் தலையில் விழுகிறது. அதை யாரும் கணக்கெடுப்பதில்லை.

ஊழியருக்கான இத்தகைய பயிற்சி சென்னைக்குப் புதிதும் அல்ல. 1812-ல் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் முன்னின்று உருவாக்கிய சென்னைக் கல்விச் சங்கம், கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் பிற தென்னக மொழிகளும் கற்பித்தது. நுங்கம்பாக்கத்தில் கல்லூரிச் சாலை என்ற பெயர் அதன் நினைவாகவே நிற்கிறது. ஆள வந்தவர்கள் தங்கள் வசதிக்காகச் செய்த ஏற்பாடு அது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் கற்றுத் தேர்வு எழுத வேண்டிய சுமை ஊழியர் மீது இருந்தது. இன்று புரிந்துகொள்ளும் சுமை முழுவதும், பதினெட்டு வயதில் தனியாக வந்து இறங்கும் மாணவர் மீது ஏற்றப்படுகிறது.

பயிற்சியின் உள்ளடக்கத்திலும் எச்சரிக்கை வேண்டும். ஐ.பி.எம். ஊழியர்களிடம் எடுத்த கருத்தாய்வை வைத்து ஆய்வாளர் ஹாஃப்ஸ்டெட் 1980-ல் வெளியிட்ட நூல், பண்பாடுகளுக்கு நாடு வாரியாக மதிப்பெண் போட்டது. அதை எடுத்துக்கொண்டு ‘ஜப்பானியர் இப்படி, ஆப்பிரிக்கர் அப்படி’ என்று ஸ்லைடு போடும் வகுப்பு, பழைய முன்முடிவுகளுக்குப் புதிதாக ஒரு சான்றிதழ் கொடுக்கிறது. மணிப்பூர் மாணவரும் மதுரை மாணவரும் ஒரே மதிப்பெண்ணில் அடங்குவார்களா? முன்முடிவின் விலை சிறியதல்ல: 2014 ஜனவரியில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியாவின் தலைமுடியைக் கேலி செய்ததில்தான் டெல்லி லாஜ்பத் நகரில் சண்டை தொடங்கியது. அடிபட்ட அவர் இறந்துபோனார். அதன் பின் அமைந்த பெஸ்பருவா குழு, வடகிழக்கு மாநிலத்தவர் பெருநகரங்களில் படும் இழிவை ஆராய்ந்து அறிக்கை தந்தது. அயலார் என்று பார்க்கப்படுபவர்களில் பலர் இந்த நாட்டுக்காரர்களே. புழல், கும்மிடிப்பூண்டி அகதி முகாம்களில் பிறந்து வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளைகள் கவுன்டரில் தமிழில்தான் பேசுகிறார்கள், ‘எந்த நாடு?’ என்ற கட்டத்துக்கு முன்னால் மட்டும் பேனா நின்றுவிடுகிறது.

நடைமுறைச் சிக்கல் ஒன்றை இந்த அவை தீர்த்தாக வேண்டும். வாட்ச்மேனும் துப்புரவுப் பணியாளரும் மெஸ் ஊழியரும் பல இடங்களில் ஏஜென்சி ஆட்கள். அவர்களில் பலரும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள். ‘எங்கள் ஊழியர்கள் அல்ல’ என்று சொல்லி நிர்வாகம் அவர்களைப் பயிற்சிப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஏஜென்சி ஒப்பந்தத்திலேயே பயிற்சி நேரத்தைச் சேர்த்துவிட்டால் இந்தத் தடை நீங்கும். தமிழிலும் இந்தியிலும், வேலை நடக்கும் இடத்திலேயே, ஷிப்ட் நேரத்துக்குள் வகுப்பு நடக்கட்டும். அந்த ஒப்பந்த விதியின் வாசகத்தைப் பிற்பகல் அமர்வில் எழுதி முடிக்க வேண்டும். வகுப்பில் உட்கார்ந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கப்படாது என்ற வரி அதில் கட்டாயம் இடம்பெற வேண்டும்.