சாரணச் சிறுமியரின் பிஸ்கோத்து வாணிகம்
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு நற்பணிக்குப் பொருள் திரட்டும் வழி இரண்டு. கேட்டுப் பெறுதல் ஒன்று. விற்றுப் பெறுதல் மற்றொன்று. முன்னதிற் கொடுப்பார் மனம் இசைந்தாற் போதும். பின்னதிலோ முதல் தேடல் வேண்டும். பண்டம் கொள்ளல் வேண்டும். விலை குறித்தல் வேண்டும். விலைபோகாது நின்ற சரக்கை யார் பொறுப்பதென்று முன்னரே துணிதலும் வேண்டும். இத்துணையும் சிறுமியர் கையில் ஒப்புவித்து, நூறாண்டுக்கு மேலாக நடத்திவரும் அமைப்பு ஒன்று அமெரிக்க நாட்டில் உண்டு. இளைஞர் கழகங்களைப் பேணும் அன்பர்கள் அதன் வரலாற்றைச் செவிகொடுத்துக் கேட்டல் பயனுடையது.

ஜூலியட் கார்டன் லோ என்னும் அம்மையார் ஜார்ஜியா மாநிலத்துச் சவானா நகரில் 1912ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12ஆம் நாள் 18 சிறுமியரைக் கூட்டிச் சாரணியர் இயக்கத்தைத் தொடங்கினார். ஐந்தாண்டு கழித்து, 1917இல், ஒக்லஹோமா மாநிலத்து மஸ்கோகி ஊரிலிருந்த ஓர் அணியினர் தம் பணிகளுக்குப் பொருள் வேண்டித் தாமே பிஸ்கோத்துச் சுட்டு, உயர்நிலைப் பள்ளியின் உணவுக்கூடத்தில் விற்றனர். பெருந்திட்டம் ஏதும் அவர்க்கு இல்லை. அடுப்பும் மாவும் தாய்மார் துணையும் இருந்தன, அவ்வளவே.

கணக்கோடு கூடிய வாணிகமாக இது வளர்ந்தது 1922இல் எனலாம். அவ்வாண்டு ஜூலையில் அவ்வியக்கத்தின் திங்களிதழ், சிகாகோ நகரத்துத் தலைவியார் ஃபிளாரன்ஸ் நீல் எழுதிய பிஸ்கோத்துப் பாகமுறையை வெளியிட்டது. செய்முறையோடு நில்லாது விலைக்கணக்கும் அதனுள் இருந்ததே அதன் சிறப்பு. ஆறு அல்லது ஏழு டஜன் பிஸ்கோத்துக்கு வேண்டும் பண்டங்களின் அடக்கம் 26 முதல் 36 சென்ட் வரை. விற்கத்தக்க விலை டஜனுக்கு 25 அல்லது 30 சென்ட். கணக்கிட்டுப் பாருங்கள். ஆறு டஜனைக் குறைந்த விலைக்கே விற்பினும் 150 சென்ட் வரும். மிகுந்த அடக்கமாகிய 36ஐக் கழித்தாலும் 114 சென்ட் நிற்கும். ஆனால் அடுப்பெரித்த செலவும் அன்னையர் உழைப்பும் இக்கணக்கிற் சேரவில்லை. அவற்றுக்குக் கூலி வைத்திருப்பின் ஊதியம் வெகுவாகக் குறைந்திருக்கும். வீட்டிற் செய்த பண்டத்தை விற்கும் கழகங்கள் பலவும் இவ்விடத்தே ஏமாறுகின்றன. அன்பினாற் செய்த உழைப்பு இலவசம் என்றெண்ணி, அவ்வுழைப்பு ஓய்ந்த ஆண்டில் விற்பனையும் ஓய்ந்தது கண்டு திகைப்பர்.

1933இல் பிலடெல்பியா நகரத்துச் சாரணியர், எரிவாயு மின்சாரக் குழுமத்தின் கடைச் சாளரங்களில் பிஸ்கோத்து விற்றனர். 44 பிஸ்கோத்துக் கொண்ட பெட்டி 23 சென்ட். ஆறு பெட்டி சேர்த்து வாங்குவார்க்கு 1 டாலர் 24 சென்ட். தனித்தனியே வாங்கினால் 1 டாலர் 38 சென்ட் ஆகும். 14 சென்ட் விட்டுக்கொடுத்து ஒரு பெட்டி வாங்க வந்தவரை ஆறு பெட்டியோடு அனுப்பும் உபாயம் இது. அடுத்த ஆண்டே அந்நகரச் சங்கம் தொழிற்சாலையிற் சுட்ட பிஸ்கோத்தை விற்கத் தலைப்பட்டது. 1935இல் நியூயார்க்குச் சங்கத்தார் மூவிலை வடிவான அச்சு ஒன்றை விலைக்கு வாங்கி, இயக்கத்தின் பெயரையே பெட்டியின்மேற் பொறித்தனர். 1936இல் தலைமை அமைப்பு அடுமனைகளுக்கு உரிமம் வழங்கத் தொடங்கிற்று.

இம்மாறுதலை வீழ்ச்சியென்று கருதுவாரும் உளர். சிறுமியர் தாமே சுடுவது போய்ப் பிறர் சுட்டதை விற்பது என்ன பெருமை என்பர். அக்கூற்று முற்றும் பொருந்தாது. சுடுதல் கைத்திறன், விற்றலோ வேறொரு கல்வி. அறிமுகமில்லாதார் கதவைத் தட்டி, இன்ன பணிக்காக விற்கின்றோம் என்று தெளிவாகச் சொல்லி, மறுத்தாரிடமும் முகங்கோணாது நன்றி கூறி, சில்லறை எண்ணித் தந்து, வாக்களித்த நாளில் பெட்டியைக் கொண்டு சேர்த்தல் எளிதன்று. குறிக்கோள் வகுத்தல், முடிவு செய்தல், பணத்தை ஆளுதல், மக்களொடு பழகுதல், வாணிக நேர்மை என்னும் ஐந்தையும் இவ்விற்பனையின் பாடமாக அவ்வமைப்பு கூறுகிறது. முதலாவதே யாவற்றிலும் இன்றியமையாதது. எதற்காகப் பொருள் வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று சிறுமியரே கூடி முடிவு செய்த பின்னரன்றோ எத்தனை பெட்டி என்னும் வினா எழும்? பெட்டியை வாங்கி அடுக்கிவிட்டுப் பின்னர்ப் பயனைத் தேடுதல் தலைகீழ் முறை.

ஒரு குறையும் சொல்லற்பாலது. தந்தையும் தாயும் ஆணைத்தாளைத் தம் அலுவலகத்துக்கு எடுத்துச் சென்று, உடன் பணிபுரிவாரிடம் ஒப்பம் வாங்கி வருதல் அந்நாட்டில் வழக்கமாயிற்று. மேலதிகாரியின் மகள் பெயரால் வரும் தாளை மறுப்பார் யார்? தொகை பெருகும், சிறுமி மட்டும் வீட்டிலிருப்பாள். பெரியோர் செய்யத்தக்கது பணத்தை இருவராய் எண்ணுதலும், பிள்ளைகளைத் தனியே அனுப்பாமையும், கணக்கேட்டைச் சரிபார்த்தலுமே.

இரண்டாம் உலகப்போரின்போது சருக்கரையும் மாவும் வெண்ணெயும் அரியவாயின. அப்போது சாரணியர் பிஸ்கோத்தை விடுத்து நாட்காட்டி விற்றனர். பண்டம் கருவியே என்பதனை அவர் மறந்திலர். போருக்குப் பின் விற்பனை மீண்டும் பெருகி, பின்னாளில் ஏறத்தாழ 20 கோடிப் பெட்டி ஓராண்டில் விற்கும் அளவுக்கு உயர்ந்தது. 2014 முதல் இணையவழியாகவும் ஆணை பெறலாயினர்.

விற்காத சரக்கின் வினா 2021இல் கடுமையாக எழுந்தது. கொள்ளைநோய்க் காலம், அங்காடி வாயிலில் மேசையிட்டு விற்றல் பல இடத்து இயலாதாயிற்று. பருவம் முடிந்தபோது ஏறத்தாழ 1 கோடியே 50 இலட்சம் பெட்டி எஞ்சின. அவற்றுள் 1 கோடியே 20 இலட்சம் அடுமனைகள் இரண்டினிடத்தும், 30 இலட்சம் வட்டாரச் சங்கங்களிடத்தும் நின்றனவெனச் செய்தித்தாள்கள் எழுதின. பெரும்பங்கு சுட்டவரிடமே தங்கியமையால் சங்கங்கள் ஒருவாறு பிழைத்தன. எஞ்சியவற்றை விற்றும் நன்கொடையாகக் கொடுத்தும் கழிக்க முயன்றனர். ஆணை பெற்றுப் பண்டம் கொள்ளுவார்க்கு இவ்விடர் சிறிது. பண்டம் கொண்டு வாங்குவாரைத் தேடுவார்க்குப் பெரிது. சிறு கழகமாயின் கடையுரிமையாளரோடு பேசும்போதே, விற்காத பெட்டியைத் திரும்பக் கொள்வீரா என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது நலம். திரும்பக் கொள்ளார் எனின், மதிப்பீட்டிற் பாதியை மட்டும் முதலில் வாங்குக; குறைந்தால் மீண்டும் வாங்கலாம்.

அதற்குச் சற்று முன்னர், 2020இன் இறுதியில், வேறொரு செய்தி வெளிவந்தது. மலேசிய, இந்தோனேசியப் பனையெண்ணெய்த் தோட்டங்களிற் சிறுவர் உழைப்பு வழங்குகிறது என்றும், அவ்வெண்ணெய் சாரணியர் பிஸ்கோத்திலும் சேர்தல் கூடும் என்றும் ஆராய்ந்து எழுதினர். தாம் விற்கும் பண்டத்தின் பின்னே தம் வயதுப் பிள்ளைகள் வருந்துவரோ என்னும் ஐயம் சிறுமியர் சிலர்க்கு எழுந்தது. பெட்டியில் எழுதியிருந்த உட்பொருள்களைப் படித்து, கேள்வி எழுப்பி, விடை நிறைவு தாராமையால் விற்பனையை நிறுத்திக்கொண்டாரும் உண்டு. வாணிக நேர்மையைப் பாடமாக வகுத்த அமைப்புக்கு அப்பாடத்தைக் கற்ற பிள்ளைகளே வினா விடுத்தனர்.