வெயிலுக்கும் ஒரு வரவு செலவு

வெள்ளத்தையும் புயலையும் நாம் கண்ணால் காண்கிறோம். வெப்பமோ ஓசையின்றி உயிர் கவர்கிறது. 2010-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆமதாபாத் நகரில் வெப்பம் 46.8 பாகை செல்சியஸை எட்டிற்று. அம்மாதத்தில் வழக்கத்தினும் 1,300-க்கு மேற்பட்டோர் மிகுதியாக மாண்டனர் என்று பின்னர் ஆய்ந்தோர் கணக்கிட்டனர்.

மாநகராட்சி வாளாவிருக்கவில்லை. பொதுச் சுகாதார அறிஞர்களின் துணைகொண்டு 2013-இல் வெப்பச் செயல் திட்டம் வகுத்தது. வானிலை முன்னறிவிப்பு கிடைத்தவுடன் யாருக்கு எச்சரிக்கை விடுப்பது, எங்கே குடிநீர் வைப்பது, மருத்துவமனைகள் எவ்வாறு ஆயத்தமாவது என்பன அதில் வரையறுக்கப்பட்டன. பிற நகரங்களும் அவ்வழியைப் பின்பற்றின.

எனினும், பொருளில்லாத் திட்டம் ஏட்டளவே. தண்ணீர்ப் பந்தலுக்குச் சிறுதொகை போதும். கூரைகளுக்கு வெள்ளையடிக்கவும் மரநிழல் வளர்க்கவும் ஆண்டுதோறும் நிதி வேண்டுமன்றோ? 15-ஆவது நிதிக்குழு, மாநிலப் பேரிடர் நிதியில் 20 விழுக்காட்டை வருமுன் தணிக்கும் பணிகளுக்கென ஒதுக்கப் பரிந்துரைத்தது. இது நல்வழியே.

நிதி தலைநகரிலிருந்து வரலாம். நிழலற்ற தெரு எதுவென்பதை நகராட்சியே அறியும். ஆதலின், நம் ஊரின் வரவு செலவுத் திட்டத்தில் வெயிலுக்கெனத் தனித் தலைப்பு உண்டா என்று நாம் கேட்போமாக.