சக்கரம் பூட்டிய சறுக்குவண்டி



அடிமுடி தேடிய கதை வழங்கும் இத்திருவண்ணாமலையில் சிவனும் கேசவனும் ஒரே பெயரில் கூடிய ஒருவரைப் பற்றிப் பேசுதல் பொருந்தும். இமாசலத்து மணாலியைச் சேர்ந்த சிவ கேசவன் அவர்; தந்தை கேரளத்தவர், தாய் இத்தாலியர்.

மல்லாந்து படுத்து, கால்களை முன்னே நீட்டி, பனித்தடத்தில் விரைந்திறங்கும் 'லூஜ்' அவரது விளையாட்டு. அதற்குரிய தடம் அவர் பயின்ற நாளில் இந்தியாவில் இல்லை. எனவே சறுக்குவண்டிக்குச் சக்கரம் பூட்டி, லாரிகளும் ஆட்டுமந்தைகளும் செல்லும் மலைச்சாலையில் பயின்றார். 1998இல், 16 வயதில், நகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராக நின்றார். 2018 வரை ஆறு ஒலிம்பிக் கண்டார், பதக்கம் கிட்டவில்லை. ஆசியப் போட்டிகளில் தங்கம் வென்றதையோ பலர் அறியார்.

நெஞ்சைச் சுடுவது 2014 சோச்சி. இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தமையால் நாட்டுக்கொடியின்றியே போட்டியிட்டார். அவரது பந்தயம் பிப்ரவரி 9இல் முடிந்தது. தடை நீங்கியது 11இல்! சங்கத்தின் பிழைக்கு வீரன் தண்டம் கட்டினான்.

இப்போது மேடைகளில் இளைஞர்க்கு ஊக்கவுரை ஆற்றிவருகிறார். ஊக்கவுரை என்பது பெரும்பாலும் வென்றவர் வாய்ச்சொல். இவருக்கோ எடுத்துக்காட்ட ஒலிம்பிக் பதக்கமில்லை. அந்த மலைச்சாலை உண்டு. அச்சொல்லுக்கு எடை மிகுதி.

அர்ஜுனா விருது 2020இல் வந்தது. அவர் ஒலிம்பிக் தடத்தை விட்டிறங்கி அப்போது ஈராண்டு கழிந்திருந்தது.