பாப்பாவுக்கு முதல் பொம்மை
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



சேமிப்பு, கடன், வட்டி பற்றி முன்னாடி பேசினவங்க நல்லா சொல்லிட்டாங்க. எனக்குக் கொடுத்த தலைப்பு குழந்தை வளர்ப்பு. அதுல ஒரே ஒரு சின்ன விஷயத்தை மட்டும் பேசப் போறேன். பொம்மை. ஒரு வயசு, ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு நாம வாங்கித் தர்ற முதல் பொம்மை. சிரிக்காதீங்க. இதுல என்ன பேச இருக்குன்னு நானும் நினைச்சவதான்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி என் பேத்திக்குப் பதினாலு மாசம். ஒரு தெருவோரக் கடையில நூத்தைம்பது ரூபாய்க்கு ஒரு பொம்மை வாங்கினேன். பஞ்சு உடம்பு, பளபளன்னு பிளாஸ்டிக் கண்ணு. ரெண்டாம் நாள் சாயங்காலம் அடுப்பு வேலையா இருந்தேன். பிள்ளைகிட்ட சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தா முகம் நீலம் பாரிச்சுக் கிடக்கு. பொம்மைக்கு ஒரு கண்ணைக் காணோம். பயத்துல வாயில விரலை விட்டுத் துழாவினேன். அது இன்னும் உள்ளே போயிடுச்சு. என் அலறலைக் கேட்டு, எங்க குழுவுல இருக்கிற பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தாங்க. அவங்க முதலுதவி வகுப்புக்குப் போய் வந்தவங்க. பிள்ளையைத் தொடை மேல குப்புறப் போட்டு, தலை தாழ வெச்சு, ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல உள்ளங்கையின் அடிப்பக்கத்தால ஓங்கித் தட்டினாங்க. நாலாவது தட்டுல கண்ணு வெளிய விழுந்தது. பிள்ளை வீறிட்டு அழுதா. அப்புறம்தான் எனக்கு உயிர் வந்தது.

அதனால முதல்ல இதைச் சொல்றேன்: தொண்டையில ஏதாவது சிக்கினா, கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால துழாவாதீங்க. முதுகுல தட்டுங்க. கூட இருக்கிறவங்க 108-க்குப் போன் பண்ணட்டும்.

அதுக்கப்புறம் விசாரிச்சுத் தெரிஞ்சுகிட்டதை வரிசையாச் சொல்றேன். 2021 ஜனவரி 1-லிருந்து நம்ம நாட்டுல விக்கிற பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரையோட ஒரு உரிம எண்ணும் இருக்கும். அது உண்மையான எண்ணான்னு பி.ஐ.எஸ். கேர் என்கிற செயலியில நாமே பார்க்கலாம். ஈயம் கலந்த சாயம் இருக்கா, கண்ணு மூக்கு பிடுங்கினா வருதான்னு எல்லாம் சோதிச்சுத்தான் அந்த முத்திரை தர்றாங்க. அட்டையில ஒரு குழந்தை முகம், பக்கத்துல 0-3, குறுக்கே ஒரு கோடு போட்டிருந்தா, அது மூணு வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு ஆகாதுன்னு அர்த்தம்.

முத்திரை இருந்தாலும் நம்ம கையாலயும் ஒரு தடவை பார்க்கணும். கண்ணு, பொத்தான், மணி எதுவா இருந்தாலும் நல்லா இழுத்துப் பாருங்க. பத்து ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிய வட்டத்துக்குள்ள அடங்கிப் போற எந்தத் துண்டும் சின்னப் பிள்ளைக்கு ஆபத்து. நீளமான கயிறு, நாடா வேண்டாம். பாட்டுப் பாடுற பொம்மையில பட்டன் பேட்டரி இருக்கும். அதைப் பிள்ளை முழுங்கிட்டா, உணவுக்குழாயில சிக்கி ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே புண்ணாக்கிடும். அதனால பேட்டரி மூடி திருகாணி போட்டு இறுக்கினதா இருக்கணும். என்னைக் கேட்டா, முதல் பொம்மைக்குப் பாட்டே தேவையில்லை. பாட நாம இருக்கோம். ஒரு வயசு ஆகாத குழந்தை தூங்குறப்போ பக்கத்துல பஞ்சு பொம்மையை வைக்காதீங்க, மூச்சை அடைக்கும்.

இன்னொண்ணும் சொல்லணும். என் மகளுக்கு நாலு வயசு இருக்கும்போது, ரோஸ் கன்னமும் மஞ்சள் முடியுமா ஒரு பொம்மை வாங்கிக் கொடுத்தேன். ஒருநாள் முகமெல்லாம் பவுடரை அப்பிக்கிட்டு வந்து, "நான் ஏம்மா இந்தப் பாப்பா மாதிரி இல்லை?"ன்னு கேட்டா. என்னால பதில் சொல்ல முடியலை. ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது, இதை அமெரிக்காவுல சோதிச்சே பார்த்திருக்காங்கன்னு. 1940-கள்ல கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்கிற கறுப்பினத் தம்பதி, நிறத்தைத் தவிர மற்றதெல்லாம் ஒண்ணா இருக்கிற பொம்மைகளைச் சின்னப் பிள்ளைங்க முன்னாடி வெச்சு, எது நல்ல பொம்மைன்னு கேட்டாங்க. கறுப்பினப் பிள்ளைகளே நிறைய பேர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினாங்க. 1954-ல வெள்ளைக்காரப் பிள்ளைக்கும் கறுப்பினப் பிள்ளைக்கும் தனித்தனிப் பள்ளிக்கூடம் கூடாதுன்னு அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புல இந்த ஆய்வும் இடம் பிடிச்சது.

நம்ம ஆயாக்கள் காலத்து மரப்பாச்சியை நினைச்சுப் பாருங்க. ஒரே கட்டையில செதுக்கினது. பிடுங்கி வர ஒட்டுக் கண்ணு கிடையாது. நிறமும் நம்ம நிறம்.

நம்ம பேட்டைக்கே ஒரு பொம்மைக் கதை உண்டு. காலடிப்பேட்டை என்கிற பேர் காலட் பேட்டையிலிருந்து வந்தது. 1717 முதல் 1720 வரை சென்னைக்குக் கவர்னரா இருந்த ஜோசப் காலட், நெசவாளர்களைக் குடியேற்றின ஊர் இது. கவர்னர் ஆகிறதுக்கு முந்தின வருஷம், 1716-ல, அவர் ஒரு சீனக் கைவினைஞரைக் கொண்டு தன்னைப் போலவே களிமண்ணுல ஒரு உருவம் செய்ய வெச்சு, இங்கிலாந்துல இருந்த தன் மகளுக்கு அனுப்பினார். இன்னைக்கும் அது லண்டன்ல நேஷனல் போர்ட்ரெயிட் கேலரியில இருக்கு. தன் மனுஷங்க முகத்தைப் பிள்ளை பார்த்துக்கிட்டே இருக்கணும்னு அந்த அப்பா நினைச்சிருக்கார். நம்ம பிள்ளைக்கு மட்டும் ஏன் யாரோ ஒருத்தர் முகம்?

கடையில அப்படிப்பட்ட பொம்மை கிடைக்கலைன்னா நாமே தைக்கலாம். தையல் குழு அக்காமார்கிட்ட வெட்டுத் துணி இருக்கு. மாநிறத்துல பருத்தித் துணி எடுத்து, ஈரக் கையால தேய்ச்சு, சாயம் போகுதான்னு பாருங்க. பிள்ளை ஒரு கையால தூக்குற அளவுக்கு, ஒரு சாண் நீளம் போதும். கண்ணு, வாய் எல்லாம் நூலாலயே தைச்சிடுங்க. முடிக்குக் கறுப்புத் துணி. ஓரமெல்லாம் இரட்டைத் தையல். உள்ளே சுத்தமான பஞ்சு. வாரம் ஒருமுறை துவைச்சு வெயில்ல காயப் போடலாம். இதை விக்கணும்னு நினைச்சா, முதல்ல கைவினைப் பொருட்கள் வளர்ச்சி ஆணையர் அலுவலகத்துல கைவினைஞரா பதிவு பண்ணி அட்டை வாங்கணும். பதிவு பண்ணவங்க செய்து விக்கிற பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. கட்டாயத்துலேர்ந்து விலக்கு உண்டு. விலக்கு இருக்குன்னு தையல்ல அசட்டையா இருக்காதீங்க.

ஆம்பளப் பிள்ளைக்குப் பொம்மையான்னு கேட்காதீங்க. ஒன்றரை வயசை ஒட்டிப் பிள்ளைங்க பொம்மைக்குச் சோறு ஊட்டும், தாலாட்டும், போர்த்தி விடும். நாம செய்யறதைப் பார்த்துத்தான் செய்யும். தம்பியும் அதைக் கத்துக்கட்டும். நாளைக்கு அவனும் ஒரு அப்பாதானே?

என் பேத்திக்கு நான் தைச்ச பொம்மைக்கு மூக்கு கோணல். ஆனா அதைப் பார்த்து, "இது ஆயா மாதிரியே இருக்கு"ன்னு சொல்றா. எனக்கு அது போதும்.