மூச்சுக்கு மருந்து, வானுக்குக் கேடு

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையைப் பற்றிச் சொல்லும் அந்தக் கல்வெட்டில், அங்கே இருப்பு வைத்த மருந்துகளின் பெயர்களும் உண்டு. அவற்றில் ஒன்று வாசாஹரீதகி. ஆடாதோடையும் கடுக்காயும் சேர்ந்த மருந்து. இருமலுக்கும் இரைப்புக்கும் ஆனது. அதே இரைப்புக்கு நம் காலத்தில் இன்ஹேலர் வந்தது. அழுத்தியதும் மருந்தைத் தள்ளிக்கொண்டு வந்தது சி.எஃப்.சி. என்ற குளோரோஃபுளோரோகார்பன் வாயு. ஃபிரிட்ஜைக் குளிர்வித்ததும் இதே இனம்தான். தீப்பிடிக்காது, எதனோடும் சேர்ந்து கெடாது என்பதால்தான் நோயாளியின் நெஞ்சுக்குள்ளேயே அனுப்பினார்கள். அந்தக் கெடாத குணமே கேடாகிவிட்டது.

மழையில் கரையாத இந்த வாயு மெல்ல மேலேறுகிறது. அங்கே புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து குளோரினை விடுகிறது என்று 1974-இல் வேதியியலாளர்கள் மோலினாவும் ரோலண்டும் சொன்னார்கள். குளோரின் அணு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஓசோனிலிருந்து ஓர் ஆக்சிஜனைப் பறிக்கும், அதை வேறிடத்தில் விட்டுவிட்டு மறுபடி பறிக்க வரும். இப்படி ஓர் அணுவே லட்சம் ஓசோன் மூலக்கூறுகளைச் சிதைக்கலாம். 1985-இல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்ததைக் காட்டிய அளவீடுகள் அச்சத்தை உறுதிசெய்தன. காற்றைவிடக் கனமான வாயு எப்படி மேலே போகும் என்று கேட்பார்கள். ஆறுகள் கூடிய பிறகு செய்யாற்றுத் தண்ணீரை மட்டும் தனியே மொள்ள முடியுமா? காற்றும் அப்படித்தான் எல்லாவற்றையும் கலக்கிவிடுகிறது. கடல் உப்பிலும் குளோரின் உண்டே என்றால், அது நீரில் கரைந்து மழையோடு இறங்கிவிடுகிறது. ஓட்டை தென்துருவத்தில், நமக்கென்ன என்பது மூன்றாவது கேள்வி. நம் தலைக்கு மேல் தேய்வு சொற்பம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அறிவியலாளர் வீ. ராமநாதன் 1975-இலேயே காட்டியபடி, இதே வாயு கரியமில வாயுவைவிடப் பல்லாயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அந்தச் சூடு எல்லோருக்கும் பொது.

நியாயமான ஆட்சேபம் வேறொன்று. பணக்கார நாடுகள் விட்ட வாயுவுக்கு நம் ஆஸ்துமா நோயாளி ஏன் மருந்தை இழக்க வேண்டும்? இழக்கவில்லை என்பதுதான் இந்தக் கதையில் என்னை மகிழ்விப்பது. ஓசோனைக் காக்கும் 1987-இன் மாண்ட்ரியல் உடன்பாட்டில், வளரும் நாடுகளுக்கு நிதி உதவி ஏற்பாடான பிறகு, 1992-இல் இந்தியா சேர்ந்தது. 2008 ஆகஸ்ட் 1-இல் சி.எஃப்.சி. உற்பத்தியை நிறுத்தியபோதும் இன்ஹேலருக்கு மட்டும் விலக்கு தரப்பட்டது. பிறகு மருந்து அதேதான், தள்ளும் வாயு மாறியது. புதிய வாயுவில் குளோரின் இல்லை. ஆனால் பூமியைச் சூடாக்கும், எனவே அதையும் குறைக்க 2021-இல் ஒப்புக்கொண்டோம். பழைய ஃபிரிட்ஜ்களில் மிச்சமிருக்கும் சி.எஃப்.சி.-தான் இப்போதைய கவலை. காயலான் கடையில் செப்புக் குழாயை நறுக்கினால் 'உஸ்' என்று ஒரு நொடிதான் கேட்கும். வெளியேறும் சி.எஃப்.சி.-12 நூறாண்டு காற்றில் நிற்கும். அதைச் சிலிண்டரில் பிடித்து வைக்கும் எந்திரம் உண்டு. குழாயை நறுக்குவதற்கு முன்பே அதை மாட்ட வேண்டும்.